ஐந்து வோல்ட்தானே

ஐந்து வோல்ட்டை நான் மதித்ததே கிடையாது. ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் இருபத்தாறு வருஷமாக எலெக்ட்ரீஷியனாக இருக்கிறேன். ஈரத் தரை, சுண்ணாம்புத் தண்ணீர், நாலு பேர் உள்ளே நிற்கக்கூடிய மர டிரம்கள், அவற்றைச் சுற்றுகிற மோட்டார்கள், இவ்வளவுக்கும் நடுவில் நானூற்று நாற்பது வோல்ட். அங்கே கை தவறினால் ஆள் வீடு திரும்ப மாட்டான். அந்தக் கரண்ட்டோடு பழகியவனுக்கு செல்போன் சார்ஜரில் வருவதெல்லாம் கரண்ட்டாகவே தெரியாது. நாக்கில் வைத்துப் பார்க்கிற சமாச்சாரம் என்று கேலி பேசுவேன்.

ஷாப்பில் இரண்டு வழியாகக் கரண்ட் வரும். ஒன்று ஈ.பி., இன்னொன்று ஜெனரேட்டர். இரண்டுக்கும் நடுவில் சேஞ்ச் ஓவர் என்று ஒரு பெரிய சுவிட்ச். கைப்பிடி மேலே இருந்தால் ஈ.பி., கீழே இருந்தால் ஜெனரேட்டர், நடுவில் நின்றால் இரண்டும் இல்லை. மாற்றும்போது அந்த நடு இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த நேரம் டிரம் நிற்கும், விளக்கு அணையும், சூப்பர்வைசர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிடுவேன். பக்கத்து ஷெட்டில் ஒருமுறை மெயினை இறக்காமல் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்கள். கரண்ட் பின்பக்கமாக ஏறி கம்பத்துக்குப் போய்விட்டது. மேலே வேலை செய்துகொண்டிருந்த லைன்மேன் கீழே விழுந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் வலது கை விரல்கள் மடங்கியவை மடங்கியவைதான். அதிலிருந்து எங்கள் கைப்பிடியை வேறு யாரையும் தொட விட்டதில்லை. இரண்டு கரண்ட்டும் ஒன்றை ஒன்று பார்க்கவே கூடாது என்பது எனக்குச் சாமி கும்பிடுவது போல.

இதையெல்லாம் முதலில் சொல்வதற்குக் காரணம், தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது என்பதுதான்.

என் மனைவி ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்தாள். பதினெட்டு வருஷம் ஒரே லைன். காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ். வாய் ஓயாது அவளுக்கு. பஸ்ஸில் அவள் ஏறினால்தான் பேச்சே ஆரம்பிக்கும் என்று கூட வருகிறவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்டவளுக்கு முதலில் நாக்குதான் குழறியது. பல் டாக்டரிடம் போனோம், பிறகு காது மூக்கு டாக்டர், கடைசியில் வேலூர் பெரிய ஆஸ்பத்திரி. நரம்பு சம்பந்தப்பட்ட நோய், குணமாக்குகிற மருந்து இல்லை என்றார்கள். பேச்சு போகும், கை போகும், விழுங்குவது கஷ்டமாகும், கடைசியில் மூச்சு. டாக்டர் மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னார். திரும்பி வரும்போது பள்ளிகொண்டா தாண்டும்வரை நான் ஆஸ்பத்திரிச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். அப்புறம் அவள்தான், இன்னும் கொஞ்சம் பேச்சு மிச்சம் இருக்கும்போதே உன்னைத் திட்டித் தீர்த்துக்கொள்கிறேன் என்று குழறிக்குழறிச் சொல்லி சிரித்தாள்.

எங்களுக்கு ஒரே பெண். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு பெங்களூரில் வேலை செய்கிறாள். விஷயம் தெரிந்ததும் அழுதாள், பிறகு வேலையில் இறங்கினாள். குரல் முழுசாகப் போவதற்குள் அம்மாவின் குரலிலேயே சில வார்த்தைகளைப் பதிவு செய்துகொள்ளலாம் என்றாள். சீட்டுக்கட்டு அளவில் ஒரு போர்டு வாங்கி வந்தாள். அதுவே ஒரு முழு கம்ப்யூட்டராம். அதோடு சின்ன ஸ்பீக்கர். என் மனைவிக்குக் கை இரண்டும் அப்போதே தளர்ந்துவிட்டன, ஆனால் வலது கால் மட்டும் நன்றாக இருந்தது. பதினெட்டு வருஷம் தையல் மெஷின் பெடலை மிதித்த கால் அல்லவா. அதற்கு ஏற்ற மாதிரி நான் ஒரு சுவிட்ச் கண்டுபிடித்தேன். ஷாப்பில் கழித்துக்கட்டிய, தோல் அளக்கிற மெஷினில் இருந்து கழற்றியது. லேசாகத் தொட்டாலே டிக் என்று விழும். கட்டிலின் கால்மாட்டில் பலகை அடித்து அதில் பொருத்தினேன். அந்த மொத்தக் கருவியில் என் பங்கு அந்த சுவிட்ச் மட்டும்தான்.

வேலை செய்கிற முறை எளிமையானது. மொத்தம் பதினாலு வாக்கியம். எத்தனையாவது வாக்கியம் வேண்டுமோ அத்தனை தடவை மிதிக்க வேண்டும். மிதித்துவிட்டு இரண்டு நொடி சும்மா இருந்தால் கருவி அந்த வாக்கியத்தைப் பேசும். அந்த இரண்டு நொடி இடைவெளிதான் முடிந்தது என்பதற்கு அடையாளம். எந்த வாக்கியம் எந்த எண் என்பதை அவளே முடிவு செய்தாள். அவசரமானது முதலில் இருக்க வேண்டும், அதிக தடவை மிதிக்க வைக்கக் கூடாது என்று மகள் சொன்னாள். அப்படி ஒன்றாவது, 'மூச்சு முட்டுது, தூக்கி ஒக்கார வையி.' இரண்டு எச்சில் துடைக்க. மூன்று பாத்ரூம். நான்கு அரிக்கிறது. ஐந்து தண்ணீர். ஆறு ஃபேனைக் குறைக்க. ஏழாவதில் ஒரு சண்டை வந்தது. மகள் அதில் 'வலிக்குது' என்று போடலாம் என்றாள். இவள் கேட்கவில்லை. 'பரவால்ல வுடு' என்பதுதான் வேண்டும் என்றாள்.

எனக்கு அது ஏன் என்று தெரியும். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்ட வார்த்தை அது. ஷாப்பில் மோட்டார் எரிந்து நான் ராத்திரி சாப்பாட்டுக்கு வராமல் போனால் பரவால்ல வுடு. தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்கு நான் நாளை மறந்து போனபோதும் அதுதான். முகத்தில் கோபம் இருக்கும், வார்த்தை அதுவாக இருக்கும். சொல்லி முடித்ததும் கோபமும் போய்விடும். 'வலிக்குது' பன்னிரண்டாவது இடத்துக்குப் போனது.

மகள் கிளம்பும்போது எனக்கு விளக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். வீட்டில் இருக்கும்போது அடாப்டர். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது பேட்டரி, அது எட்டு வோல்ட், ஐந்தாகக் குறைக்க ஒயரில் ஒரு சின்ன சர்க்யூட். பேட்டரி ஒயர் போர்டின் ஊசிகளில் நேரடியாகச் செருகுவது, அந்த வழியில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. அதனால் ஒன்றைக் கழற்றிவிட்டுத்தான் இன்னொன்றைப் போட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதே என்று இரண்டு தடவை சொன்னாள். யாரிடம் சொல்கிறாய் என்று நான் சிரித்தேன்.

கருவி வந்த பிறகு வீட்டில் மறுபடி பேச்சு வந்தது. சமையல் கட்டில் இருக்கும்போது டிக் டிக் என்று கேட்கும், நான் எண்ணிக்கொண்டே இருப்பேன், ஸ்பீக்கர் பேசுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். ஒன்பது தடவை கேட்டால் நின்ற இடத்திலேயே சிரிப்பு வரும். ஒன்பதாவது, 'யோவ், நீ சாப்ட்டியா இல்லியா?' அந்த நாட்களில் நான் லாங் லீவில் இருந்தேன். அவளைக் குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் நான்தான். கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் பொய். பேச்சு இருந்தது, அது போதும் என்றிருந்தது.

தொல்லை வந்தது கரண்ட் போனபோது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது, ஆனால் பழசு. ஈ.பி. போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்வதற்குள் கண் சிமிட்டுகிற நேரம் ஆகும். ஃபேனுக்கு அது தெரியாது. போர்டுக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை அணைந்து, மறுபடி முதலில் இருந்து எழுந்து, பேசத் தயாராக ஒன்றரை நிமிஷம் ஆகும். ஒரு பிற்பகல் நான் கொல்லைப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. உள்ளே வந்து பார்த்தால் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. கால் மிதித்துக்கொண்டே இருக்கிறது, கருவி ஊமையாக இருக்கிறது. என்ன என்ன என்று நான் கத்துகிறேன். ஒன்றரை நிமிஷம் கழித்து போர்டு உயிர் பெற்றது, நாலு தடவை மிதித்தாள். அரிக்கிறது. தேடிப் பார்த்தால் காதுக்குப் பின்னால் ஒரு கட்டெறும்பு கடித்துப் பிடித்துக்கொண்டு இருந்தது. அதைப் பிய்த்து எறிந்துவிட்டு ஈ.பி.காரர்கள் எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஏழு டிக் கேட்டது. 'பரவால்ல வுடு.'

அவளுக்குப் பரவாயில்லை. எனக்கு ஆறவில்லை. அன்றே மகளுக்கு போன் செய்தேன். அடாப்டர், பேட்டரி இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் இந்த இடைவெளி போகும், அதற்கு வழி சொல் என்றேன். வழி இருக்கிறது என்றாள். ஒவ்வொரு ஒயரிலும் ஒரு டையோடு வேண்டும், கரண்ட் உள்ளே வரலாம், திரும்பிப் போக முடியாது. கழிவுத்தண்ணீர் பம்ப்புக்கு மேலே ஒரு வால்வ் வைப்பாயே, தண்ணீர் பின்னால் வராமல், அது மாதிரிதான் என்று எனக்குப் புரிகிறபடி சொன்னாள். ஷாப்பில் கிடந்த டையோடு இரண்டை எடுத்து வந்து அன்று மாலையே போட்டுப் பார்த்தேன். போர்டின் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. சாதாரண டையோடு முக்கால் வோல்ட்டைத் தின்றுவிடும், ஐந்தில் முக்கால் போனால் அதற்குப் பத்தாது, இதற்கென்றே இருக்கிற சின்ன போர்டு இரண்டு வாங்கி வருகிறேன், அடுத்த மாதம் வரும்போது நானே போட்டுத் தருகிறேன் என்றாள்.

அடுத்த மாதம் என்பது எனக்கு ரொம்ப தூரமாக இருந்தது. கரண்ட் தினமும் போகிறது. டையோடுகளைப் பிடுங்கிப் போட்டேன். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். அடாப்டர் ஐந்தே கால், பேட்டரி பக்கம் ஐந்து. கால் வோல்ட் வித்தியாசம். கால் வோல்ட் என்ன செய்துவிடும்? நானூற்று நாற்பதில் நான் கால் வோல்ட்டைப் பார்த்ததே இல்லை, மீட்டர் முள் அதைவிட அதிகமாக ஆடும். இரண்டு ஒயரையும் போர்டில் சேர்த்துச் செருகினேன். ஐந்து வோல்ட்தானே என்று வாய்விட்டே சொன்னேன். அவள் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கரண்ட் பற்றி ஒன்றும் தெரியாது, என்மேல் நம்பிக்கை மட்டும் உண்டு.

மூன்று வாரம் அருமையாக ஓடியது. கரண்ட் போகும், வரும், போர்டின் விளக்கு அசையாது. ஒருமுறை அவள் 'யோவ், நீ சாப்ட்டியா' சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய், வாக்கியம் அறுபடாமல் முடிந்தது. மார்தட்டிக்கொண்டேன். மகளிடம் மட்டும் சொல்லவில்லை. வீடியோ காலில் தெரியாதபடி ஒயரை மெத்தைக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். படித்தவள் பயப்படுகிறாள், அனுபவம் வேறு என்று நினைத்துக்கொண்டேன். எனக்கே தெரியாமல் அந்தக் கால் வோல்ட் ராப்பகலாகப் பேட்டரி பக்கத்துக்குள் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. லைன்மேனைத் தள்ளிவிட்ட அதே வேலை, ரொம்ப மெதுவாக.

ஒரு திங்கட்கிழமை பிற்பகல் கரண்ட் போய் வந்து, மறுபடி போய் வந்தது. கருகிய வாசனை அடித்தது. பேட்டரியிலிருந்து ஐந்து வோல்ட்டாகக் குறைத்துத் தருகிற சின்ன சர்க்யூட் எரிந்து, பேட்டரியின் எட்டு வோல்ட்டும் அப்படியே போர்டுக்குள் போய்விட்டது. போர்டின் நடுவில் இருந்த கறுப்புச் சதுரத்தில் ஒரு கொப்புளம். தொட்டேன், சுட்டது. அவள் என்னையே பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

இதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய தப்பு. மகளிடம் உடனே சொல்லியிருந்தால் மறுநாளே புது போர்டோடு ரயில் ஏறியிருப்பாள். குரல் பதிவுகள் அவளிடம் பத்திரமாக இருந்தன. எனக்கு வெட்கம். இரண்டு முழு நாள் நானே சரி செய்கிறேன் என்று சாலிடரிங் அயர்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மோட்டார் காயில் கட்டுகிற கை, கடுகு அளவுப் பொருளோடு மல்லுக்கட்டியது. புதன்கிழமை இரவுதான் போன் செய்தேன். அவள் திட்டவில்லை. எது எரிந்தது என்று மட்டும் கேட்டாள். பிறகு, "சரிப்பா. நாளைக்கே ஆர்டர் போடறேன். சனிக்கிழம எடுத்துக்கினு வந்துர்றேன்" என்றாள்.

அதுவரை கண் ஜாடைதான். ஒருமுறை மூடினால் ஆமாம், இரண்டு முறை மூடினால் இல்லை. தண்ணி வேணுமா, திருப்பிப் போடட்டுமா, ஃபேனா, எச்சிலா என்று நான் கேட்டுக்கொண்டே போவேன். எனக்குக் கேட்கத் தோன்றியதை மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது. கால் சுவிட்ச்சையாவது எடுத்துவிடலாம், பாதத்தில் பலகை அழுத்துமே என்று குனிந்தேன். இரண்டு முறை கண்ணை மூடினாள். வேண்டாமாம். அப்படியே விட்டேன். எதற்கும் இணைக்காத சுவிட்ச், பாதத்துக்கு அடியில் சும்மா இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து பத்தரை இருக்கும். இரண்டு நாளாக நெஞ்சில் சளி கட்டியிருந்தது, அன்று கொஞ்சம் பரவாயில்லை மாதிரித்தான் தெரிந்தது. முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்த்துவிட்டு நான் கஞ்சி காய்ச்சப் போனேன். அவளுக்குக் கஞ்சியில் ஒரு பருக்கைகூட இருக்கக் கூடாது, புரையேறிவிடும். வேட்டித் துணியில் ஊற்றிப் பிழிந்துகொண்டிருந்தேன். டிக் என்று கேட்டது. மறுபடி கேட்டது. ஆறோ ஏழோ தடவை இருக்கும். கருவிதான் இல்லையே, கால் தானாகத் துடிக்கிறது என்று நினைத்தேன். அப்போது அப்படித் துடிப்பதும் உண்டு. "இரும்மா, வர்றேன்" என்று மட்டும் குரல் கொடுத்தேன். மிச்சக் கஞ்சியைப் பிழிந்து, துணியை அலசி, கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவள் வாசல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். கண் மூடவில்லை, ஒரு முறையும் இல்லை, இரண்டு முறையும் இல்லை.

மகள் அன்று மதியமே வந்துவிட்டாள். ஆர்டர் போட்டது வராததால் கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்டு வாங்கிய போர்டு அவள் பையிலேயே இருந்தது, அந்த டையோடு போர்டு இரண்டும் கூடவே. காரியமெல்லாம் முடியும்வரை அந்தப் பையை யாரும் திறக்கவில்லை. எல்லாரும் போன பிறகு ஒரு நாள் அவளே எடுத்து மேஜையில் வைத்தாள். அடாப்டருக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று என்று இரண்டு வழியிலும் போட்டு, நடுவில் ஃபியூஸும் வைத்து, கால் சுவிட்ச்சையும் இணைத்து, ஒன்றைப் பிடுங்கிக் காட்டினாள். விளக்கு அசையவில்லை. பிடுங்கிய முனையில் மீட்டரை வைத்தாள். ஒன்றுமில்லை, பின்னால் எதுவும் போகவில்லை. எவ்வளவு சின்ன வேலை அது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அப்போதுதான் நான் அந்த டிக் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவள் கையில் இருந்த ஒயரைக் கீழே வைத்தாள்.

"எத்தினி வாட்டிப்பா?"

"ஆறோ ஏழோ."

"சேந்தாப்புலயா, வுட்டு வுட்டா?"

நான் எண்ணவில்லை என்றேன். தினமும் எண்ணிக்கொண்டிருந்தவன் அன்றைக்கு எண்ணவில்லை. அவள் ஒயரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் கேட்டால் நீ வருவாய் என்று சும்மா மிதித்திருப்பாள் அம்மா, வேறு ஒன்றும் இருக்காது என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மறுநாள் பெங்களூர் ரயில் ஏறினாள்.

போர்டு இப்போதும் அலமாரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் கரண்ட் இருக்கிறது, ஈ.பி. போனால் வீடே ஒருமுறை சிமிட்டும், அது மட்டும் சிமிட்டாது. மறுபடி ஷாப்புக்குப் போகிறேன். சேஞ்ச் ஓவர் கைப்பிடியை இறக்கும்போது நடு இடத்தில் முன்னைவிட அதிக நேரம் நிறுத்துகிறேனாம், சூப்பர்வைசர் சொல்கிறார். வீட்டுக்கு வந்ததும் சில நாள் கால் சுவிட்ச்சைக் கையால் அமுக்கிப் பார்ப்பேன். விடாமல் ஏழு தடவை அமுக்கினால், 'பரவால்ல வுடு' என்கிறாள். ஒருமுறை அமுக்கி, கொஞ்சம் விட்டு, மறுபடி ஒருமுறை அமுக்கி, இப்படி ஏழு தடவை செய்தால், 'மூச்சு முட்டுது, தூக்கி ஒக்கார வையி' என்று ஏழு தடவையும் சொல்கிறாள். இரண்டுக்கும் டிக் சத்தம் ஏழுதான். நடுவில் இடைவெளி இருந்ததா இல்லையா என்பது மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும். நான் கஞ்சி பிழிந்துகொண்டிருந்தேன்.